கீரிமலை மட்டும் வேண்டாம்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

விடிய ஆரணி கனடாவிலிருந்து போன் எடுத்தாள். கேதீஸ் நேற்று பாரிஸ் ஆசுபத்திரியில் இறந்துவிட்டான். ஈரல் வருத்தம். மோசம் என்று தெரியும், இவ்வளவு கெதியில் என்று தெரியாது. ஐம்பத்தேழு வயது.

இதைச் சொல்லிவிட்டு மூச்சு விடாமல் அடுத்த வசனம்: "சித்தி, அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

அப்பா என்றால் நடேசலிங்கம். என் கணவரின் தமையன், எனக்குப் பெரியத்தான். நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து வந்து எங்கள் முன்னறையில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தவர். கேதீஸ் இவர்களுக்குக் கடைசித் தம்பி. பெரியத்தான் தூக்கி வளர்த்தவன்.

"நான் இருபத்திரண்டாம் திகதி வந்து நேரை சொல்லுறன். அதுமட்டும் ஆளை வீட்டிலை வைச்சிருக்காதேங்கோ. எங்கையாவது கூட்டிக்கொண்டுபோய்ச் சுத்திக் காட்டுங்கோ. கோட்டை, நெடுந்தீவு, அப்பிடி."

ஆசுபத்திரியில் முப்பது வருடம் தாதியாக இருந்தேன். எத்தனை வீட்டுச் சனத்தை மரவாங்கில் இருத்தி, கையைப் பிடித்து, நேரே முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். மறைத்ததால் பிழைத்த ஒருவரையும் நான் காணவில்லை. ஆனால் இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள். என் கணவர் குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுகிறார். வெளியே வந்து "அண்ணைக்குத் தெரியக்கூடாது ரதி" என்கிறார். அந்த முகத்தைப் பார்த்தால் தெருவில் போகிற மாட்டுக்கும் விளங்கும்.

நான் புட்டு அவித்தேன். யாராவது அவிக்கத்தானே வேண்டும்.

ஓகஸ்ட் 13, புதன்

விடியப் பெரியத்தான் பேப்பர் வாங்கச் சந்திக்குப் போனார். பேப்பரில் மரண அறிவித்தல் வந்திருக்கும் என்பது ஆள் படலையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நைற்றியோடு ஓடவா முடியும். நல்ல காலம், வெறும் கையோடு திரும்பினார். "பேப்பர் முடிஞ்சுதாம்" என்றார். தேத்தண்ணி வேண்டாம் என்று போய்ப் படுத்துவிட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

பத்து மணிக்கு மரக்கறி வாங்கப் போனால் சந்தியில் கேதீஸின் சுவரொட்டி. கண்ணீர் அஞ்சலி. பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் ஒட்டியிருக்கிறார்கள். லைட் கம்பத்தில், வாசிகசாலை மதிலில், சலூன் கதவில், எங்கே பார்த்தாலும் கேதீஸ் கோட்டுப் போட்டுச் சிரிக்கிறான். ஒரு கிழமையாக ஒழுங்கையில் உடைந்த குழாயைத் திருத்த ஆளில்லாத ஊர் இது. செத்தவனின் படம் ஒட்ட மட்டும் ஒரு இரவு போதும்.

பெரியத்தான் எப்படி இதைக் காணாமல் வந்தார் என்று தெரியவில்லை. கண்ணாடி போடாமல் போயிருப்பார். இனிச் சந்திப்பக்கம் ஆளை விடக்கூடாது. பின் ஒழுங்கையால்தான் போக்குவரத்து.

இரண்டாவது தலையிடி துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை இந்தக் குடும்பத்துக்குத் துடக்கு, கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. மனிசன் பத்தாயிரம் மைல் தாண்டி வந்ததே கோயிலுக்கு. எங்கள் பிள்ளையார் கோயில் ஐயரிடம் மதிலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"துடக்கெண்டது காதாலை கேட்ட நேரத்திலையிருந்துதான் அம்மா. கேளாதவருக்குத் துடக்கில்லை, அவர் போகலாம். கேட்ட நீங்கள்தான் வரேலாது."

இதைவிடத் தெளிவாக யாராவது சொல்ல முடியுமா. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னால், "பிறகு அண்ணைக்குத் தெரிய வந்தால், துடக்கோடை என்னை ஏன் கோயிலுக்கு விட்டனீங்கள் எண்டு எங்களைத்தான் கேப்பார்" என்கிறார். ஆகவே சொல்லவும் கூடாது, கோயிலுக்கு விடவும் கூடாது. யார் மறிப்பது? நான்தான். இவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பாம், வானில் ஏறமாட்டாராம்.

ஓகஸ்ட் 14, வியாழன்

வான் பிடித்தேன். சாரதி றொபின்சன், குருநகர்ப் பக்கம். என்னிடம் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை, இன்றைக்கும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவான். நாற்பது வயதுக்காரனைப் பிள்ளை என்கிறேன். விசயத்தைச் சொல்லி மூன்று கட்டளை கொடுத்தேன். றேடியோ போடக்கூடாது, அதில் காலமையும் மத்தியானமும் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். சந்தியால் போகக்கூடாது. கோயில் இருக்கும் றோட்டால் போகக்கூடாது.

"மிஸ்ஸி, யாழ்ப்பாணத்திலை கோயில் இல்லாத றோட்டெண்டால் கடலுக்காலைதான் போகவேணும்" என்றான்.

கோட்டை பார்த்தோம். ஒல்லாந்தர் கட்டியது. மதிலில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பட்டினம். பெரியத்தான் கடல் பக்கம் பார்த்தபடி நின்றார். உள்ளே புல் கருகிக் கிடக்கிறது, நிழலுக்கு ஒரு மரம் சரியாக இல்லை, எனக்கு முழங்கால் வலி. முன்னால் ஒரு சோடி குடை விரித்து உட்கார்ந்து ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி ஒளிந்திருந்தது.

வானுக்குள் பழக்கதோசத்தில் றொபின்சனின் கை றேடியோவுக்குப் போனது. நான் கத்துவதற்கு முன் பின்னாலிருந்து பெரியத்தான், "தம்பி, அதைப் போடாதையும். எனக்கு இரைச்சல் கூடாது" என்றார். கனடாவில் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிறவர் இவர். வயது போகப் போக ஆட்களுக்கு என்ன வருகிறதென்று தெரியவில்லை. எனக்கு வேலை மிச்சம்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

வெள்ளிக்கிழமை, நல்லூருக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிப்பார் என்று பயந்து, சனம் கூட, காய்ச்சல் பரவுதாம், உங்கடை நெஞ்சுக்குக் கூடாது என்று ஒரு கட்டுக்கதையைத் தயார் செய்து வைத்தேன். பாதி சொல்லுமுன்னே, "சரி பிள்ளை, நீ சொன்னால் சரி. தேருக்கு மட்டும் என்னை மறியாதை" என்றார்.

தேர் இருபத்தோராம் திகதி. ஆரணி வருவது இருபத்திரண்டு. ஒரு நாள் முந்தி வர இவளுக்குப் பிளேன் இல்லையாம்.

கசூரினா கடற்கரைக்குப் போனோம். சவுக்குமரம், வெள்ளை மணல், இடுப்பளவு தண்ணி. வழியெல்லாம் கோபுரம். காரைநகர் சிவன் கோயிலைத் தாண்டும்போது றொபின்சன் வேகத்தைக் கூட்டிய விதத்தில் எனக்குத் திரும்பவும் வேலைக்குப் போய் அவனுக்குக் கட்டுப்போட வேண்டி வந்திருக்கும். பெரியத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரையாக்கும்.

கடலில் இறங்கவேயில்லை. சவுக்கின் கீழ் இருந்து மணலைக் கையால் அள்ளி அள்ளி விட்டார். சவரமும் செய்வதில்லை. தாடி வெள்ளையாய் முளைத்து ஆள் பார்க்கச் சகிக்கவில்லை. கேட்டால் "லீவிலை வந்தனான்தானே" என்கிறார்.

ஓகஸ்ட் 16, சனி

நெடுந்தீவு. முழுதாக எழுதினால்தான் என் எரிச்சல் ஆறும்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு வரிசை. ஒன்று நெடுந்தீவுக்கு, மற்றது நயினாதீவு அம்மன் கோயிலுக்கு. சனமெல்லாம் அம்மன் வரிசையில். வெளிநாட்டுக்காரர் ஒருவர், நெற்றி நிறையச் சந்தனம், பெரியத்தானைக் கண்டு "நடேசலிங்கமல்லோ! ஐயோ, தம்பியின்ரை விசயம்..." என்று கையை நீட்டிக்கொண்டு வருகிறார். என்ன செய்தேன்? மயக்கம் வருவது மாதிரி அவர் மேலேயே சாய்ந்தேன். அறுபது வயதில் ஊர் பேர் தெரியாத ஆம்பிளையின் நெஞ்சில் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பெரியத்தான் அங்கே இல்லை. படகுக்குள் போய்க் கடைசி வாங்கில் கடலைப் பார்த்து இருக்கிறார். எனக்கு மயக்கம் வந்ததைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆம்பிளைகள்!

படகு ஆட்டிய ஆட்டத்தில் காலமைச் சாப்பாடு தொண்டைவரை வந்து போனது. தீவில் ஒரு ஓட்டோ. சாரதி காட்டியதெல்லாம் பார்த்தோம். பவளக்கல் அடுக்கிய வேலிகள், வளரும் கல் என்று ஒரு கல் (வளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை), ஒல்லாந்தரின் புறாக்கூடு, ஒரு வீட்டளவு பருத்த பெருக்கமரம். தீவின் காட்டுக் குதிரைகள் மழையில்லாமல் எலும்பு தெரிய நின்றன. தண்ணித் தொட்டியைச் சுற்றித் தலையைக் குனிந்து நின்றன. இதைப் பார்க்கவா சனம் கடல் தாண்டி வருகிறது என்று நினைத்தேன்.

பெருக்கமரத்துக்குள் ஆள் நுழையுமளவு பொந்து. பெரியத்தான் அதன் வாசலில் இருந்துகொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

"தொண்ணூறிலை இவன் கேதீஸ் ரஷ்யாப் பக்கத்தாலை வெளிக்கிட்டு நாலு மாசம் சத்தமில்லை. உனக்கு ஞாபகமோ?"

எனக்கு ஞாபகமில்லாமல் இருக்குமா. நான் கலியாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பெடியன். பிரச்சினைக் காலத்தில் என்னைச் சைக்கிளில் ஏற்றி ஆசுபத்திரி வாசல்வரை விட்டுவிட்டு, நான் உள்ளே போகுமட்டும் நிற்பான். "அண்ணி, ஊசியைப் பாத்துக் குத்துங்கோ" என்று கத்துவான். காவல்காரர் எல்லோரும் சிரிப்பார்கள். அது கிடக்கட்டும்.

"ஆள் உயிரோடை எண்டு ஒரு சேதி வந்தால் நல்லூர்த் தேருக்குப் பிரதட்டை செய்யிறன் எண்டு நேந்தனான். சேதி வந்தது. பிறகு சண்டை, இடப்பெயர்வு, நானும் வெளிக்கிட்டிட்டன். முப்பத்தைஞ்சு வருசமாச் செய்யேல்லை, பிள்ளை."

பிரதட்டை என்றால் கோயில் வீதியைச் சுற்றி மணலில் உருளுவது. நெஞ்சில் கம்பிச் சுருள் வைத்த அறுபத்தாறு வயது மனிசன்.

"அத்தான், உங்களுக்கு விசரோ? கேதீஸே வேண்டாமெண்டு சொல்லுவான்."

"அவன் சொல்லுவான்தான். ஆனால் நேந்தது அவனில்லை, நான்."

நான் தண்ணிப் போத்தலை நீட்டினேன், வாங்கவில்லை. திரும்புகிற படகில் நயினாதீவுக் கோபுரம் தெரிந்தது. அவர் கும்பிடவில்லை. கையை மடியில் வைத்தபடி பார்த்தார். நான் பக்கத்திலிருந்த மீன் பெட்டிகளைப் பார்த்தேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

பயத்தம் பணியாரத் தகரப் பேணிக்குள் எறும்பு. பாரிஸுக்குக் கொடுத்துவிட நான் போன மாதம் சுட்டு, ஒட்டி, பெயர் எழுதி வைத்தது. யாரோ மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சரியாக மூடவில்லை. இவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஒரு பேணியைப் பார்க்கத் தெரியாதா, இந்த வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் பார்க்கவேண்டுமா, எறும்பு வந்தது ஒருவருக்கும் தெரியாதா என்று. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். இவர் பேணியை வெயிலில் வைத்து எறும்பை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

ஞாயிறென்றால் பெரியத்தான் கேதீஸோடு போனில் கதைக்கிற நாள். எந்த ஞாயிறும் தவறாமல் எடுப்பவர். நான் குசினி அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். எடுக்கவில்லை. போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "ஊருக்கு வந்தும் போனோ" என்றார். நல்லதாய்ப் போயிற்று.

பின்னேரம் முன்வீட்டு லில்லியக்கா வெள்ளைச் சேலையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தா. ஊரெல்லாம் போய் வராதேங்கோ வராதேங்கோ என்று கெஞ்சிவிட்டு வந்த எனக்கு இது. வாயைப் பொத்தப் பாய்ந்தேன். அதற்குள் பெரியத்தான் கதிரையை விட்டு எழும்பி, "அக்கா, எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ! பிறசர் ஏறிக் கிடக்கு, ஆரும் கதைக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்" என்று சத்தம் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். இப்படி முகத்தில் அடித்த மாதிரிப் பேசுவாரா ஒரு மனிசன். லில்லியக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டா. நாளைக்கு நான்தான் போய்ச் சமாதானம் சொல்லவேண்டும்.

பிறசர் பார்த்தேன். நூற்று முப்பது, எண்பது. என்னுடையதையும் பார்த்தேன். அதை எழுதமாட்டேன்.

ஓகஸ்ட் 18, திங்கள்

கந்தரோடைப் பக்கம் சின்னச் சின்னப் பழைய பௌத்தக் கல் தூபிகள். பிறகு நிலாவரைக் கிணறு. அடி தெரியாத ஆழமாம், மேலே நல்ல தண்ணி, கீழே உப்புத் தண்ணி. எட்டிப் பார்த்தால் பச்சை. நான் எட்டிப் பார்த்ததைவிட, பெரியத்தான் எட்டிப் பார்ப்பதைப் பார்த்துத்தான் களைத்தேன்.

வெளிக் கடையில் ஊறுகாய் போடும் தேசிக்காய் ஒன்று வாங்கி வந்தார். "நிலாவரையிலை போட்டால் கீரிமலையிலை மிதக்குமெண்டு சொல்லுறவை. சின்னனிலை நானும் அவனும் போட்டனாங்கள். போட்டிட்டுச் சைக்கிளிலை கீரிமலைக்கு ஓடினது. ஒரு நாளும் காணேல்லை."

போட்டார். ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது.

"இனி அங்கைதான் எடுக்கவேணும்" என்றார்.

றொபின்சன் உற்சாகமாக, "கீரிமலை இஞ்சையிருந்து கிட்டத்தானே ஐயா, ஒரு அடி போயிட்டு வருவம்" என்றான். கீரிமலை மட்டும் வேண்டாம் என்று நான் விடியவே அவனுக்குச் சொல்லியிருந்தேன். கடலோரம் ஊற்றுக் கேணி, வடிவான இடம், வெளிநாட்டுச் சனமெல்லாம் போய்க் குளித்துப் படம் எடுக்கும் இடம்தான். ஆனால் அங்கே எந்த நாள் போனாலும் யாரோ ஒரு வீட்டார் தலை மழித்து ஈர வேட்டியோடு அந்தியேட்டி செய்துகொண்டு இருப்பார்கள். அதைப் பார்க்க வைத்து, கொஞ்ச நாளில் திரும்பவும் அங்கேயே கூட்டிப்போவதா. நான் றொபின்சனின் முதுகில் விரலால் குத்தினேன்.

"இப்ப வேண்டாம் தம்பி" என்றார் பெரியத்தான். "பிறகு போகவேணும்தானே."

என்ன பிறகோ. இருபத்தைந்தாம் திகதி ஆளுக்குப் பிளேன்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

மழை தூறியது. எங்கும் போகவில்லை. மூன்று பேரும் ஒரு வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது நெடுந்தீவுப் படகைவிட மோசம்.

ஓகஸ்ட் 20, புதன்

நாளைக்குத் தேர். இவர் நாரிப்பிடிப்பை மறந்து குசினிக்குள் வந்து திட்டம் சொன்னார். விடியமுன் ஆளை வானில் ஏற்றி மணற்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். மணலுக்குள் புதைந்த பழைய சேர்ச் இருக்கிறது, பார்க்க நல்லாயிருக்கும், றொபின்சனுக்கும் சந்தோசம். தேர் சுற்றி முடிந்து இருப்பிடத்துக்கு வந்தபிறகு திரும்பினால் போதுமாம்.

எனக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. அகப்பையைச் சட்டிக்குள் போட்டேன்.

"இஞ்சருங்கோ. ஒரு கிழமையா அந்த மனிசனைக் கோட்டை, கடல், கிணறெண்டு இழுத்துக்கொண்டு திரியிறன். அவர் ஒண்டும் பாக்கேல்லை. குதிரையைக் காட்டினால் நிலத்தைப் பாக்கிறார். அவர் கேட்டது ஒரு இடம். அதுதான் உங்களுக்கு வேண்டாம்."

"துடக்கடி."

"ஐயர் சொல்லிப்போட்டார். கேளாதவருக்கு இல்லை."

"நெஞ்சு?"

"நெஞ்சைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்லவேண்டாம். நாளையிண்டைக்கு மகள் வந்து சொன்ன பிறகு இந்த முறை முடிஞ்சுது. அடுத்த வருசம் ஆர் இருக்கிறமோ. முப்பத்தைஞ்சு வருசம் சுமந்த மனிசன் சாகுமட்டும் சுமக்கட்டோ?"

இவர் கதவடியில் நின்றார். பிறகு, "அவன் இருந்தால் நீ சொல்லுற பக்கம்தான் நிண்டிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகும்போது நாரியைப் பிடிக்க மறந்துபோனார்.

பெரியத்தானிடம் போய்ச் சொன்னேன். மூன்று நிபந்தனை. முன்வீதி மட்டும், சுற்று முழுக்கக் கூடாது. நாக்கின் கீழ் வைக்கிற குளிசை றொபின்சனிடம் இருக்கும். இளைத்தால் அந்த இடத்திலேயே எழும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நீ வரமாட்டியோ?" என்றார். எனக்கு முழங்கால் ஏலாது என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஓம், உனக்கு ஏலாதுதான்" என்றார்.

ஓகஸ்ட் 21, வியாழன்

வெள்ளண இருட்டோடு போனோம். றோட்டெல்லாம் மறித்து, தடுப்புப் போட்டு, சனக் கடல். வானைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். பெரியத்தான் மேற்சட்டையைக் கழற்றி என் கையில் தந்தார். நெஞ்செல்லாம் வெள்ளை மயிர். கூடப் போன றொபின்சனும் சட்டையைக் கழற்றி, என் கணவரின் பழைய வேட்டியைக் கட்டி, கழுத்துச் சிலுவையை என்னிடம் தந்துவிட்டு, "மிஸ்ஸி, அந்தோனியாரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்" என்றான். உருளுகிற ஆளுக்குப் பக்கத்தில் நடந்து, கோணல் போனால் நேரே திருப்பி, தண்ணி ஊற்ற ஒரு ஆள் வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அந்த உரிமை இல்லை. இவனுக்கு இருந்தது.

முன்வீதியில் கிடந்து உருளத் தொடங்கியது தெரிந்தது. அவர் ஒருவரா, நூற்றுக்கணக்கில் ஆண்கள், பின்னால் பெண்கள் விழுந்து விழுந்து கும்பிட்டபடி. கொஞ்சத்தில் மணல் நிறத்தில் எல்லோரும் ஒன்றுதான். முன்வீதி முடிகிற நேரம் ஆனது. வரவில்லை. இன்னும் கொஞ்சம். வரவில்லை. அப்போதுதான் விளங்கியது, மனிசன் என்னை ஏமாற்றிவிட்டு முழுச் சுற்றும் போகிறார். எனக்குத் தெரிந்த எல்லாத் திட்டும் திட்டினேன். பக்கத்தில் நின்ற பிள்ளை நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருக்கும். ஒரு கையில் சட்டை, மறுகையில் சிலுவை. உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. என் நெஞ்சு அடித்த அடிக்கு அந்தக் குளிசையை நான்தான் போட்டிருக்க வேண்டும்.

மற்றப் பக்கத்தால் றொபின்சனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். முழங்கை இரண்டும் உரிந்து இரத்தம். தலை, தாடி, கண் இமை எல்லாம் மணல். வானடிக்கு வந்து மிதிபலகையில் இருந்தார். நாடி பார்த்தேன். வேகம்தான், ஆனால் ஒழுங்காக இருந்தது. ஒரு போத்தல் தண்ணி குடித்தார். தூரத்தில் தேர் வெளிக்கிடும் அரோகராச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு கையை இறக்கி மடியில் வைத்தார்.

"சரி பிள்ளை. இனிச் சொல்லு."

"என்னத்தை அத்தான்?"

"சந்தியிலை அவன் கோட்டோடை நிண்டு சிரிச்சதைக் கண்டனான். பேப்பர் வாங்கப் போன அண்டைக்கு. எழுதியிருந்ததை வாசிக்கேல்லை, திரும்பி வந்திட்டன். காதாலை கேட்டால்தான் துடக்கு. கேக்கக்கூடாதெண்டு ஓடித் திரிஞ்சன். நீயும் நல்லா ஓடித் திரிஞ்சாய். பிழையெண்டால் முருகன் என்னைக் கேக்கட்டும், உன்னையில்லை." முழங்கையிலிருந்து மணலைத் தட்டினார். "இப்ப நீ சொல்லு. நீ சொன்னால்தான் நான் அழலாம்."

ஆசுபத்திரியில் எப்படிச் சொல்லுவது என்று எனக்குத் தெரியும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நானே பழக்கியிருக்கிறேன். பக்கத்தில் இருக்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், சுற்றி வளைக்கக்கூடாது. பக்கத்தில் இருந்தேன். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். றொபின்சன் மறுபக்கம் திரும்பி நின்றான்.

"அத்தான், எங்கடை கேதீஸ் செத்துப்போனான்."

பத்து நாளில் செத்துப்போனான் என்ற அந்தச் சொல்லை நான் வாய் விட்டு ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆரணி சொன்னாள், நான் கேட்டேன். என் கணவர் அழுதார், நான் பார்த்தேன். பெரியத்தான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுறோட்டில் "ஐயோ என்ரை தம்பி" என்று குழறினார். மணல் எல்லாம் என் சேலையில். நானும் குழறினேன். போகிற சனம் பக்தி முற்றிப்போன இரண்டு பேர் என்று நினைத்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது.

ஓகஸ்ட் 22, வெள்ளி

மத்தியானம் ஆரணி வந்தாள். பிளேனில் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் போல. வாசலில் பையை வைத்துவிட்டு, "அப்பா, நீங்கள் இதிலை இருங்கோ, நான் ஒரு விசயம்..." என்று தொடங்கினாள். பெரியத்தான் போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எல்லாம் சொல்லிப்போட்டினம் அம்மா" என்றார். பிறகு அவள் அழ, அவர்தான் தேற்றினார். இதற்குத்தான் பத்து நாள் பாடு.

படலையைத் திறந்து வைத்தோம். ஊர் வரத் தொடங்கிவிட்டது. முதலாவதாக லில்லியக்கா, அதே வெள்ளைச் சேலை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணியோடு கொடுக்க வேறொன்றும் இல்லை. எறும்பு தட்டிய பேணியைத் திறந்தேன். பெரியத்தான் ஒன்றை எடுத்துக் கடித்து, "சீனி கூட" என்றார். அவனுக்குச் சீனி கூடத்தான் பிடிக்கும்.

தகனத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் பார்க்கவேண்டும். அந்தியேட்டி செப்டெம்பர் பத்தாம் திகதி. பெரியத்தான் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். றொபின்சனிடம் வான் சொல்லியாயிற்று. இந்தக் குடாநாட்டில் நான் ஆளுக்குக் காட்டாமல் விட்ட இடம் கீரிமலை ஒன்றுதான். கேணியில் தேசிக்காய் மிதந்தால் எடுத்துத் தரவேண்டும் என்று இப்போதே கட்டளை. என்னால் ஏலாது, முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா.